பெயரை அழித்தாலும் கண் காட்டிக்கொடுக்குமா? மதுரை டாக்டர் வி-யின் வாழ்க்கையும், வெளியே போன விழித்திரைப் படங்களும்

2018 அக்டோபர் 1-ம் தேதி இந்தியாவில் கூகுளைத் திறந்தவர்கள் ஒரு டூடுலைப் பார்த்திருப்பார்கள். மதுரைக் கண் மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமியின் 100-வது பிறந்தநாளுக்காக வெளியிடப்பட்டது அது. உலகத்துக்கு அவர் டாக்டர் வி. மதுரைக்காரர்களுக்கு அவர் கட்டிய இடம் கண்ணாஸ்பத்திரி. வண்டியூரில் ஷேர் ஆட்டோ ஏறி அண்ணா நகர் கண்ணாஸ்பத்திரி என்று சொன்னால் போதும், மேற்கொண்டு வழி சொல்ல வேண்டியதில்லை.

அந்த டூடுலுக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு முன்பு, 2016 இறுதியில், கூகுள் ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். கண்ணின் உள்பக்கப் படத்தைப் பார்த்தே சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வு அது. அதைப் பழக்க 1,28,175 படங்கள் பயன்பட்டன. அமெரிக்காவின் ஐபேக்ஸ் அமைப்பிலிருந்தும், இந்தியாவின் 3 கண் மருத்துவமனைகளிலிருந்தும் படங்கள் போயிருந்தன. அந்த மூன்றில் ஒன்று மதுரை அரவிந்த். மற்ற இரண்டு சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயணா நேத்ராலயா.

படத்தோடு பெயர் போகவில்லை. முகவரியும் போகவில்லை. எல்லாம் நீக்கப்பட்ட பிறகே படங்கள் ஆய்வாளர்கள் கைக்குப் போயின. அப்புறம் என்ன பிரச்னை என்று கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள, இத்தனை லட்சம் கண்கள் மதுரையில் எப்படி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மணலில் எழுதிப் படித்த பையன்

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற சின்ன கிராமம். 1918 அக்டோபர் 1-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. கூடப் பிறந்தவர்கள் 4 பேர். சிறு வயதில் காகிதம், பென்சில் எல்லாம் எட்டாத பொருள். ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் எழுத்து பழகினார்கள்.

அவர் மருத்துவம் படித்து முடிப்பதற்குள், உறவுக்காரப் பெண்கள் 3 பேர் பிரசவ காலத்தில் இறந்துபோனார்கள். பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் டாக்டர் ஆனார். அடுத்த ஆண்டே ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் வாழ்க்கை திரும்பியது. கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். விரல்கள் மடங்கி இறுகிப்போயின. பேனா பிடிக்கவே முடியாத நிலை. நெடுநேரம் நிற்க வேண்டிய பிரசவ அறுவை சிகிச்சை இனி ஆகாது என்று தெரிந்ததும் கண் மருத்துவத்துக்கு மாறினார்.

கண் என்றால் மட்டும் சுலபமா? கோணிப்போன விரல்களோடு, தனக்கேற்ற மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, மயிரிழை அளவில் வெட்டப் பழகினார். பிறகு ஒரே நாளில் 100 அறுவை சிகிச்சைகள் வரை செய்திருக்கிறார். வாழ்நாள் கணக்கு 1 லட்சத்தைத் தாண்டும்.

முகாம் என்பது ஊரே கூடும் இடம்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அந்த எர்ஸ்கின். புரை விழுந்து பார்வை போனவர்கள் கிராமங்களில் வீட்டுத் திண்ணையோடு முடங்கிக் கிடந்த காலம். பஸ் ஏறி மதுரைக்கு வர காசு கிடையாது, கூட வர ஆளும் கிடையாது. அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று 1960-களில் கண் முகாம்களைக் கிராமங்களுக்கே கொண்டுபோனார்.

பள்ளிக்கூடமோ கோயில் மண்டபமோ, ஏதோ ஒரு பொது இடம். ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்வார்கள். வரிசையில் நிற்பவருக்கு முன்னால் அத்தை, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர். யாருக்குப் புரை, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் மைக் வைக்காமலே ஊருக்குத் தெரிந்துவிடும். தேர்வானவர்களைக் கும்பலாக பஸ்ஸில் ஏற்றி, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்ப வைக்கும் இன்றைய முறை பின்னாளில் உருவானது.

நகரத்துப் பார்வையில் இதில் அந்தரங்கமே இல்லை. ஆனால் அந்த ஊருக்குள் தெரிந்த விஷயம் அந்த ஊருக்குள்ளேதான் இருந்தது. அத்தைக்குத் தெரிந்த சர்க்கரை நோய், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. தகவல் யாரிடம் இருக்கிறது, எந்தச் சூழலில் சொன்னது, அங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே அந்தரங்கம் அமைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

11 படுக்கையும் ஒரு ஹாம்பர்கர் கடையும்

1973-ல் பத்மஸ்ரீ. 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மற்றவர்கள் பென்ஷனை எதிர்பார்த்து உட்காரும் வயதில், வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளோடு மதுரையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது இருந்த பற்றால் அந்தப் பெயர். தங்கை டாக்டர் நாச்சியார், மைத்துனர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே களத்தில் இறங்கியது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். முடியாதவருக்கு இலவசம், அல்லது மிகக் குறைந்த கட்டணம். இரண்டு பேருக்கும் அதே டாக்டர், அதே சிகிச்சை. இந்தக் கணக்கு எப்படி நஷ்டமில்லாமல் ஓடுகிறது என்று ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஒரு பாடமே எழுதியது. டாக்டர் வி ரகசியமாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து வியந்தவர் அவர். எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அதே ஹாம்பர்கர், அதே தரம், அதே வேகம். கண் அறுவையையும் அப்படிச் செய்ய முடியாதா என்று யோசித்தார். செய்தும் காட்டினார். 1992-ல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த லென்ஸை மதுரையிலேயே மலிவாகத் தயாரிக்க வைத்தார்கள். தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் பரவின.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில், ஒரே வரிசையில், பெரிய எண்ணிக்கையில் செய்வது என்பது ஏழைகளுக்காக அவர் கண்டுபிடித்த வழி. ஆனால் இதே ஒழுங்குதான் பிற்காலத்தில் கணினிகளுக்கும் தேவைப்பட்டது. ஒரே மாதிரி எடுத்த படம், ஒரே மாதிரி எழுதிய குறிப்பு, லட்சக்கணக்கில். செயற்கை நுண்ணறிவைப் பழக்குபவர்களுக்கு இதைவிட நல்ல புதையல் கிடைக்காது. டாக்டர் வி அதைத் திட்டமிடவில்லை.

கடைசிக் காலத்தில் தொழில்நுட்பத்தின் ஆரம்பத்தை மட்டும் அவர் பார்த்தார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்த சிறிய பார்வை மையங்களை நீண்ட தூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்தில் நோயாளி, ஊரில் டாக்டர், நடுவில் வீடியோ. கண்ணின் படம் கம்பியில்லாமல் பயணிக்கத் தொடங்கியிருந்தது.

2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயதில் டாக்டர் வி காலமானார்.

அவர் போன ஆண்டில் உலகம் கற்ற பாடம்

தற்செயலாக, அடையாளம் நீக்கிய தரவு என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டதும் அதே 2006-ல்தான்.

அவர் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள், அமெரிக்க இணைய நிறுவனம் ஏஓஎல் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல் பதிவுகளை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயருக்குப் பதில் வெறும் எண். ஆனால் மனுஷன் தன் ஊர்ப் பெயரைத் தேடுவான், சொந்தக்காரர் பெயரைத் தேடுவான், தனக்கிருக்கும் நோயையும் தேடுவான். அந்தத் தேடல்களைக் கோர்த்தே ஒரு எண்ணுக்குப் பின்னால் இருந்த வயதான பெண்மணியின் வீட்டுக் கதவைச் சில நாட்களில் போய்த் தட்டினார்கள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள்.

அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ், கிட்டத்தட்ட 5 லட்சம் வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டு ஒரு போட்டி நடத்தியது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும், அவருடைய ஆசிரியர் விட்டலி ஷ்மாட்டிகோவும் அதை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பார்த்த சில படங்களும், அவற்றுக்கு மதிப்பெண் போட்ட தேதியும் தோராயமாகத் தெரிந்தால் போதும், மொத்தக் குவியலிலிருந்து அவருடைய வரிசையை உருவிவிடலாம் என்று காட்டினார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி லத்தான்யா ஸ்வீனி. 1990-களின் பிற்பகுதியில் எம்ஐடி மாணவி. மாசசூசெட்ஸ் மாநில அரசு, தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதி உள்ளவர்கள் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். அவர் குடியிருந்த அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு சிக்கிவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று பிறகு அவர் கணக்கிட்டார்.

பெயரை அழிப்பது என்பது வீட்டுக் கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றுவது மாதிரி. வாசலில் நிற்கும் வண்டி, திண்ணையில் இருக்கும் பாட்டி, முருங்கை மரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தெருக்காரருக்கு வீடு தெரியாமலா போகும்?

வண்டியூருக்கு இதை எப்படிப் பொருத்துவது?

ஒரு கற்பனைக் கணக்கு. வண்டியூரில் ஒரு முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பதிவுகள் பெயர், போன் நம்பர், ஆதார் எல்லாம் நீக்கப்பட்டு ஆய்வுக்குப் போகின்றன. மிச்சம் இருப்பது பெண், 74 வயது, வண்டியூர், சித்திரை மாதம், வலது கண்ணில் ஏற்கெனவே லேசர் செய்தது, இடது கண்ணில் பார்வை இல்லை. அவ்வளவுதான்.

சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது யாரோ ஒருவர். வண்டியூரில் அதே தெருவில் இருப்பவருக்கு? அழகர் வந்து தங்குகிற ஊர், திருவிழாவுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது வரை கணக்கு வைத்திருக்கிற ஊர். ஒரு கண் தெரியாத 74 வயது பாட்டிகள் ஒரு தெருவில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? முகாமுக்குப் போன பஸ்ஸில் கூட உட்கார்ந்து வந்தவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பாட்டி யார் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் அதே பதிவில் இருக்கும் மற்ற தகவல்கள், இரத்தக் கொதிப்பு அளவு, சிறுநீரகப் பரிசோதனை முடிவு போன்றவை புதிதாகத் தெரியவரும்.

கூட்டம் சின்னதாக இருக்க இருக்க, ஒளிந்துகொள்ள இடம் குறையும். நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் கிராமத்து முகாமுக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான்.

2016 ஆய்வுக்கான படங்கள், ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் உள்ள ஒரு பட்டியலின்படி அடையாளம் நீக்கப்பட்டவை. நீக்க வேண்டிய 18 வகைத் தகவல்கள் அதில் உண்டு. பெயர், சிறு நிலப்பகுதி, துல்லியமான தேதி, போன் நம்பர் தொடங்கி முழு முகப் படம் வரை. 89 வயதுக்கு மேல் போனால் வயதைக்கூட அப்படியே எழுதக் கூடாது, 90 அல்லது அதற்கு மேல் என்று ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட வேண்டும். மேலே சொன்ன வண்டியூர்ப் பாட்டியின் ஊரும் இந்த விதிப்படி அடிபட்டுப் போயிருக்கும். அந்த அளவுக்கு நல்ல ஏற்பாடுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலில் உடல் அடையாளங்களும் உண்டு, கைரேகையும் குரலும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. விழித்திரையின் பெயர் அங்கே இல்லை.

விழித்திரையே ஒரு கைரேகை

கண்ணின் பின்சுவரில் ஓடும் இரத்த நாளங்களின் கோலம் ஆளுக்கு ஆள் வேறு. இது இன்று நேற்று தெரிந்ததல்ல. 1935-லேயே கார்ல்டன் சைமன், இசடோர் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு நியூயார்க் மருத்துவர்கள், குற்றவாளிகளை அடையாளம் காண விழித்திரைப் படத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிட்டார்கள். பிற்காலத்தில் அதற்கு இயந்திரமும் வந்தது, பாதுகாப்பு மிகுந்த கட்டடங்களின் வாசலில் வைத்தார்கள்.

ஆதாருக்கு எடுப்பது இது இல்லையா என்று குழம்ப வேண்டாம். ஆதாரில் பதிவாவது கண்ணின் முன்பக்கம் தெரியும் கருவிழியின் வடிவம். விழித்திரை உள்ளே இருப்பது, அதைப் படமெடுக்க ஃபண்டஸ் கேமரா வேண்டும். இப்போதைக்கு இதுதான் பெரிய பாதுகாப்பும்கூட. பெயரில்லாத விழித்திரைப் படம் ஒன்று கையில் இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பெயரோடு கூடிய இன்னொரு படம் வேண்டும். அது பெரும்பாலும் மருத்துவமனைகளிடமே இருக்கிறது. அப்படிப்பட்ட பெயருள்ள படங்கள் எத்தனை இடங்களில் சேரும், யார் கைக்குப் போகும் என்பதைப் பொறுத்து இந்தப் பாதுகாப்பு கரையும். 2021-ல் நாடு முழுவதும் தொடங்கிய 14 இலக்க ஆபா சுகாதார எண் மாதிரியான திட்டங்கள் மருத்துவப் பதிவுகளை இணைக்கத்தான் வந்திருக்கின்றன. இணைப்பது நோயாளிக்கு வசதி. ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவருக்கும் அதே வசதி.

அடுத்தது இன்னும் ஆழமானது. 2018 பிப்ரவரியில் கூகுள் ஆய்வாளர்கள் வேறொரு ஆய்வை வெளியிட்டார்கள். இது மதுரைப் படங்களை வைத்து அல்ல, பிரிட்டனின் யுகே பயோபேங்க், அமெரிக்காவின் ஐபேக்ஸ் படங்களை வைத்து, 2,84,335 பேரின் கண்களில் பழக்கியது. விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து, ஒருவரின் வயதைச் சராசரியாக 3.26 ஆண்டு வித்தியாசத்துக்குள் அந்தக் கணினி சொன்னது. ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு படங்களைக் கொடுத்தால், 100-க்கு 97 முறை சரியாகப் பிரித்தது. புகைபிடிப்பவர், பிடிக்காதவர் என இரண்டு படங்களைக் கொடுத்தால்கூட, 100-க்கு 71 முறை சரியாகப் பிரித்தது. இரத்த அழுத்தத்தையும் ஓரளவுக்குக் கணித்தது.

இதில் தூக்கிவாரிப்போடுவது ஆண், பெண் விஷயம்தான். எத்தனை அனுபவமுள்ள கண் டாக்டராக இருந்தாலும், விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து இது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது என்பதுதான் அதுவரை இருந்த நிலை. அப்படி ஒரு தகவல் படத்தில் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அப்படியானால், வயதையும் பாலினத்தையும் நீக்கிவிட்டுக் கொடுத்த படத்திலிருந்து, அதே வயதையும் பாலினத்தையும் திரும்ப எடுக்க முடிகிறது. நீக்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நீக்கும்போது என்ன உள்ளே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, சம்மதம் கொடுத்த நோயாளிக்கும் தெரியாது. சர்க்கரையால் கண் கெட்டிருக்கிறதா என்று பார்க்க எடுத்த படம், சில ஆண்டுகள் கழித்து சிகரெட் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இன்னும் 10 ஆண்டுகளில் வேறு என்னென்ன சொல்லும் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ள எந்தப் படிவத்தாலும் முடியாது.

12 எழுத்துக் குறியீடு

2019-ல் அரவிந்த் மருத்துவமனையின் படங்களோடு, கேகிள் என்ற இணையதளத்தில் ஒரு போட்டி நடந்தது. ஆசிய பசிபிக் தொலைக் கண் மருத்துவச் சங்கத்தின் பெயரில் நடந்த அந்தப் போட்டிக்கு, கிராமப்புறங்களில் எடுத்த விழித்திரைப் படங்கள் தரப்பட்டன. பயிற்சிக்கு மட்டும் 3,662 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்கக் குறியீடு, பக்கத்தில் பாதிப்பின் அளவு 0 முதல் 4 வரை. வேறு ஒரு விவரமும் இல்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இறக்கி வைத்து வேலை செய்தார்கள். இன்றும் புதிது புதிதாக மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத எடுக்கும் படங்கள் அவை.

இந்தப் படங்களால் யாருக்கோ தீங்கு நேர்ந்துவிட்டது என்று இங்கே சொல்ல வரவில்லை. வயது, ஊர் எதுவும் சேர்க்காமல் வெளியிட்டிருப்பது கவனமான வேலைதான். ஆனால் ஒருமுறை இறக்கிய கோப்பைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பாஸ்வேர்ட் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விழித்திரையை மாற்ற முடியாது.

அப்படியானால் படங்களைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமா?

அதுவும் சரிவராது. ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். விழித்திரை பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பார்வை மங்கிப் போய் டாக்டரிடம் ஓடும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். அத்தனை பேரின் கண்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க நாட்டில் கண் டாக்டர்கள் கிடையாது. அந்த வேலையைத்தான் இந்தக் கணினி முறை செய்கிறது. அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, பயிற்சி பெற்ற மனிதர்களுக்கு இணையாக, சில அளவுகளில் மேலாகவே அது படித்தது. 2019-ல் மதுரையில் நடைமுறைப் பயன்பாட்டுக்கும் வந்தது.

திண்ணையில் முடங்கிக் கிடந்தவர்களைத் தேடிப்போன டாக்டர் வி இருந்திருந்தால் இதற்கு எதிராக நின்றிருப்பாரா? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. செலவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டும் எதையும் அவர் விட்டதில்லை. அவருடைய சொந்த நாட்குறிப்புகளே அவர் மறைவுக்குப் பிறகு 2011-ல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூலில் பயன்படுத்தப்பட்டன. எழுதிய இருவரில் ஒருவர் அவர் குடும்பத்துப் பெண். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று பார்த்து முடிவு செய்ய வீட்டில் ஆள் இருந்தது. முகாம் பஸ்ஸில் வந்த பாட்டியின் படத்துக்கு அந்த வசதி இல்லை. இந்த வித்தியாசத்தைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவழிகள் சில உண்டு. படங்களைப் பொதுவெளியில் போடாமல், பெயர் பதிவு செய்து, மறு அடையாளம் காண மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்ட ஆய்வாளருக்கு மட்டும் கொடுப்பது ஒன்று. யுகே பயோபேங்க் அப்படித்தான் செய்கிறது. ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் குறைந்தது இத்தனை பேராவது இருந்தால்தான் வெளியிடுவது என்பது இன்னொன்று, ஸ்வீனி முன்வைத்த வழி. வண்டியூரில் 74 வயதுப் பாட்டி ஒருவர்தான் என்றால், மதுரை மாவட்டம், 70 வயதுக்கு மேல் என்று பெரிய கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். மூன்றாவது, கணக்கு முடிவுகளில் வேண்டுமென்றே கொஞ்சம் பிசிறைக் கலந்து தனி ஆளை மறைக்கும் வேறுபாட்டு அந்தரங்க முறை. சிந்தியா டுவொர்க்கும் அவர் கூட்டாளிகளும் அதை முன்வைத்ததும், பாருங்கள், அதே 2006-ல்தான். எண்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். படத்தில் பிசிறு கூடினால் நோயே தெரியாமல் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவு மசோதாவில் முக்கியமான ஒரு பிரிவு இருந்தது. அடையாளம் நீக்கிய தரவிலிருந்து ஒருவரை அனுமதியில்லாமல் மறுபடி அடையாளம் கண்டால் 3 ஆண்டு வரை சிறை. 2019 மசோதாவிலும் அது தொடர்ந்தது. 2022-ல் அந்த மசோதாவே வாபஸ் ஆனது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை.

இந்தச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றிய முடிவுகளுக்குத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, விதிகளில் சொன்ன தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும்.

அதுவரை முகாமிலோ மருத்துவமனையிலோ படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் படம் என் சிகிச்சைக்கு மட்டுமா, ஆய்வுக்கும் போகுமா? ஆய்வுக்குப் போவது வேண்டாம் என்றால் சிகிச்சை கிடைக்குமா? ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ஆய்வில் சேர மறுப்பதால் ஒருவரின் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால், படிவத்தில் இருப்பதை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.